நாற்பது கிலோ வரை வானிலை

தினமும் மாலை ஆறு மணிக்கு, பிரிவாற்றின் அக்கரையில் நின்ற இரும்புக் கோபுரத்திலிருந்து, மேல்மலை நாடு கீழ்க்கரை நாட்டைப் பத்து நிமிடம் அழித்தது. மழை நாளில் ஒலிபெருக்கிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் ஐந்து நிமிடத்திலேயே அழித்து முடித்துவிடும். உங்கள் வீடுகள் சாம்பலாகும், உங்கள் கிணறுகள் வற்றும், உங்கள் தென்னைகளின் தலைகளைக் கொய்வோம், எங்கள் படையின் முன்னால் நீங்கள் காய்ந்த சருகு என்று ஒரு கனத்த குரல் ஆற்றுத் தண்ணீர் அதிரச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் மூச்சை நன்றாக இழுத்து, "வருகிறோம்!" என்று முடிக்கும். உடனே இக்கரையில், ஓலைத்துறைக் கடைத்தெருவில், டீ ஆற்றிக்கொண்டிருந்தவரும், கெண்டைக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தவளும், பாதி முகத்தில் நுரையோடு நாவிதர் முன்னால் உட்கார்ந்திருந்தவரும் தலையைத் தூக்காமலே, "வாங்க" என்பார்கள்.

அது வீரம் இல்லை, கேலியும் இல்லை. நெடுநேரம் பேசிவிட்டு எழுந்திருக்கும் ஒருவர் "வர்றேன்" என்று சொன்னால், "வாங்க" என்று சொல்லி அனுப்பாமல் எப்படி இருப்பது? பேசியது நல்ல பேச்சா கெட்ட பேச்சா என்பது வேறு விஷயம். சொல்லாவிட்டால் ஓலைத்துறைக்காரர்களுக்கு வாய் அரிக்கும்.

சொல்லக் கூடாத ஒரே ஆள் இரஞ்சிதம். அவள் அரசாங்க உத்தியோகஸ்தி, ஆற்றங்கரைத் தகரக் கொட்டகையில் இருந்த கேட்பு நிலையத்தின் எழுத்தர். அக்கரைக் குரல் சொல்வதைக் கேட்டு, சொன்னபடி பதிவேட்டில் எழுதி, மாதம் ஒரு முறை தலைநகருக்கு அனுப்புவது அவள் வேலை. கேட்கும் கருவி, நிலையம் திறந்த இரண்டாம் வருடமே கெட்டுப்போய்விட்டதால் பதினோரு வருடமாகத் தன் காதாலேயே கேட்டு எழுதினாள். சுவரில் விதிகள் ஒட்டியிருந்தன. காதில் விழுந்த எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்பது ஆறாம் விதி. எதிரிக்குப் பதில் சொல்லக் கூடாது என்பது ஏழாம் விதி. குரல் "வருகிறோம்" என்றதும் அவள் வாயும், அவளைக் கேட்காமலே, "வாங்க" என்றுவிடும். அதுவும் காதில் விழுந்ததுதானே என்று ஆறாம் விதியின்படி அதையும் எழுதிவிடுவாள். முதல் மாதம் பயந்துகொண்டே அனுப்பினாள். தலைநகரில் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் மாதமும் முத்திரை வந்தது. அங்கே முத்திரை குத்த ஆள் இருக்கிறான், படிக்க ஆள் இல்லை என்று அவளுக்கு அப்போதே புரிந்துபோயிற்று.

படிக்காவிட்டால் என்ன, அந்தப் பதிவேடுகளின் மேல்தான் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஏழு மாடியும் நின்றது. எதிரி இன்றும் வருவதாகச் சொன்னான் என்று தினமும் ஓர் அமைச்சர் மேசையைத் தட்டினார். அக்கரைக் கோபுரத்தைக் குறி வைத்துப் பன்னிரண்டு பீரங்கிகள் முப்பது வருடமாக வாயைத் திறந்தபடி நின்றன. நான்கில் மைனா கூடு கட்டியிருந்தது. எத்தனையோ மாலைகளில் அந்தக் குரலைக் கேட்டபடி இரஞ்சிதம் தன் பேனாவை நிறுத்தியிருக்கிறாள். குரல் மூன்றாவது வாக்கியத்தில் இருமும். தென்னை என்ற சொல்லுக்கு முன்னால் எச்சில் விழுங்கும். பசித்தவன்தான் அப்படி விழுங்குவான் என்று அவளுக்குத் தெரியும், ஆனால் அதை எழுதப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

அந்த ஆடி மாதம் ஒன்பதாம் நாள், காலை பத்து மணிக்கு, மேல்மலை நாட்டின் படை வந்தது.

எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அந்த நாட்டை ஆண்டவருக்கு மலைத்தந்தை என்று பெயர். அவர் மக்களின் ஒவ்வொரு வேளைச் சோற்றிலிருந்தும் ஒரு பிடியைப் படைக்காக எடுத்தார். படையின் சோற்றிலிருந்து ஒரு பிடியை ஏவுகணைக்காக எடுத்தார். ஏவுகணை மரத்தால் செய்தது. அது சாப்பிடுவதில்லை என்பதால் அந்தப் பிடி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டவர்களும் பிறகு கேட்கவில்லை. வருடத்துக்கு வருடம் படைவீரர்கள் இளைத்து, இளைத்து, கடைசியில் காற்றடித்தால் நிற்க முடியாத அளவுக்கு இலேசாகிப்போனதால், ஆளுக்கு இரண்டு கல் எண் பொறித்து வழங்கப்பட்டது. காற்சட்டைப் பைக்கு ஒரு கல். மலைத்தந்தையின் பிறந்தநாள் அணிவகுப்பில் அவருக்கு எழுபது முறை மரியாதை வேட்டு போட வேண்டும், குண்டு இல்லை, கவணில் வைத்து எறியக் கல் கொண்டு வா என்று உத்தரவு வந்தது. வீரர்கள் வரிசையாகப் போய்ப் பையிலிருந்த கற்களை ஒப்படைத்துவிட்டு, வரிசையாகத் திரும்பி வந்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்கள். அது ஆடி மாதம் என்பது ஒருவருக்கும் நினைவில்லை.

இரஞ்சிதம் அப்போது கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மேற்கு வானம் கருத்தது. மழை என்று நினைத்து, போட்ட துணியையே திரும்ப எடுக்கப் போனவள், கருத்தது மேகம் இல்லை, காக்கி என்று கண்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஆற்றுக்கு மேலே, சிலர் தலைகீழாக, சிலர் இன்னமும் சல்யூட் அடித்தபடி, காற்றோடு வந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் அவளுடைய கொடியில் வந்து மாட்டி, ஈரப் புடவைக்கும் தலையணை உறைக்கும் நடுவே மடிந்து தொங்கினான்.

அவன் தலைகீழாகவே பேசினான்.

"மன்னிக்கணும். என் கல்லு ரெண்டும் போயிடுச்சு."

அவள் கையிலிருந்த வாளி நழுவியது. சருகு, சாம்பல், தென்னைத் தலை எல்லாம் அந்த ஒரு குரலில் இருந்தது.

"நீயா?" என்றாள்.

"என்னைத் தெரியுமா?"

"பதினோரு வருஷமா தெரியும். மூணாவது வரியில இருமுவியே, மருந்து ஒண்ணும் சாப்பிடறதில்லையா?" என்று கேட்டபடி, அவன் பறந்துவிடாமல் இரண்டு கிளிப்பை எடுத்துச் சட்டையின் ஓரத்தில் போட்டாள்.

அவன் பெயர் முழுவெற்றி. அவன் பிறந்த வருடத்தில் பிறந்த ஆண் குழந்தைகளுக்கெல்லாம் வெற்றி, பெருவெற்றி, முழுவெற்றி என்ற மூன்றில் ஒன்றை வைக்க வேண்டும் என்பது உத்தரவு. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போனபோது முழுவெற்றி ஒரு கூடை பூவின் கனம்கூட இல்லை. தரையில் உட்கார வைத்து, எழும்பிவிடாமல் இருக்க அம்மிக் குழவியை மடியில் வைத்தாள். அவன் குழவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு நம்பர் இல்லையாக்கா?"

"கல்லுக்கு எதுக்குய்யா நம்பர்? சும்மா உக்காரு. கஞ்சி வைக்கிறேன்."

படையெடுப்பு நடந்த அன்று மத்தியானத்துக்குள் ஓலைத்துறை அதற்குப் பழகிவிட்டது. அடுத்த வீட்டுப் பவுனம்மாள் மாடியில் வடகம் பிழிந்து காயவைத்திருந்த வேட்டியில் நான்கு பேர் விழுந்திருந்தார்கள். அவள் முதலில் வடகத்தைப் பார்த்தாள், பிறகு ஆட்களைப் பார்த்தாள், பிறகு நால்வரையும் வடகத்தோடு சேர்த்து வேட்டியை மூட்டையாகக் கட்டிக் கீழே இறக்கினாள். மீரான் டீக்கடையின் படுதாவில் ஆறு பேர் சிக்கினார்கள். சூடான டீயைக் கையில் கொடுத்தால் ஆவி எழும்போது அவர்களும் கூடவே எழும்பினார்கள். ஆகையால் மீரான் ஆறவைத்துக் கொடுத்தார். பள்ளிவாசலில் நோன்பு இல்லாத மாதத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சினார்கள். காய்ந்த வயிற்றுக்கு முதல் மூன்று நாள் கஞ்சித் தண்ணீர்தான், நான்காம் நாள் குழைந்த சோறு, எட்டாம் நாளுக்கு முன்னால் எவனாவது மீன்குழம்பு கொடுத்தால் தொலைத்துவிடுவேன் என்று பவுனம்மாள் தெருவில் நின்று சொன்னாள். மீனவர்கள் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளைக் கோர்த்து, கைக்குழந்தைக்கு அரைஞாண் கட்டுவதுபோல ஒவ்வொரு வீரனுக்கும் இடுப்பில் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு எதிரிப் படை கிலுங் கிலுங் என்று சத்தம் எழுப்பிக்கொண்டு தெருவில் நடமாடியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை ஆறு மணிக்கு மட்டும் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். அக்கரைக் கோபுரம் ஒன்றும் பேசவில்லை. பேசுகிறவன் இரஞ்சிதத்தின் சமையலறையில் குழவியைக் கட்டிக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். கடைத்தெருவில் இரண்டு மூன்று பேர், வாய் அரித்ததால், யாருக்கென்று இல்லாமல், "வாங்க" என்று சொல்லிக்கொண்டார்கள்.

இரஞ்சிதம் பதிவேட்டில் எழுதினாள்: "மாலை ஆறு மணி. குரல் இல்லை." அவசரம் என்று தந்தியிலும் அனுப்பினாள். இந்த ஒரு வரியைத் தலைநகரில் யாரோ படித்துவிட்டார்கள். ஏழு மாடியும் கலகலத்தது.

நான்காம் நாள் கர்னல் புரந்தரன் ஜீப்பில் வந்தார். கூடவே நெல் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றும், தலைநகரோடு பேச ஒரு தொலைபேசியும், வேதமணி என்ற சுருக்கெழுத்தாளரும் வந்தார்கள். வேதமணி காதில் விழுந்ததை எழுதுவதைத் தவிர வாழ்க்கையில் வேறெதுவும் செய்யாத வயதானவர். மீன் ஏலக்கூடத்தில் தராசை இறக்கினார்கள். எதிரியின் படை ஈயக்குண்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு வரிசையாக வந்து நின்றது.

கர்னல் முதல் ஆளைப் பார்த்து, "நிமிர்ந்து நில்!" என்று கத்தினார். கத்திய மூச்சில் அவன் பின்னால் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டான்.

"இதுதானா?" என்றார் கர்னல். "இதுக்கா முப்பது வருஷமா பயந்தோம்?"

"நாங்க எங்கங்கய்யா பயந்தோம்?" என்றார் மீரான். "அது உங்க டிபார்ட்மெண்டு."

தலைநகரிலோ ஏற்கெனவே படையெடுப்பு என்று அறிவித்தாயிற்று. கொடியில் காய்ந்த படையைப் பற்றிப் பத்திரிகைகள் சிரிக்க ஆரம்பித்ததும், அமைச்சகத்தின் சட்டப் பிரிவு ஒரு ராத்திரி முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்து ஒரு விதி செய்தது. அந்த விதியைக் கர்னல் சத்தமாகப் படித்தார். எல்லை தாண்டி வந்தவன் நாற்பது கிலோவுக்குக் கீழே இருந்தால், அவன் சருகு, தூசி, காகிதம் போலக் காற்றால் வந்த பொருள், அதாவது வானிலை. நாற்பதைத் தாண்டினால் அவன் தன் காலால் வந்தவன், அதாவது படையெடுப்பு. ஒருவன் தாண்டினாலும் போதும், வந்தவர்கள் அத்தனை பேரையும் தலைநகர்க் கோட்டைச் சிறைக்கு அனுப்பிவிட்டு, பன்னிரண்டு பீரங்கியும் அக்கரைக் கோபுரத்தின்மேல் சுடும்.

அன்று முழுவெற்றி நாலரைக் கிலோ இருந்தான். மற்றவர்களும் அப்படித்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை, "வானிலை… வானிலை…" என்று வேதமணி எழுதினார்.

"பரவாயில்லை," என்றார் கர்னல் மேசையில் உட்கார்ந்துகொண்டு. "வெள்ளிக்கு வெள்ளி நிறுப்போம். இந்த ஊர்ல நல்லாத்தான் சாப்பாடு போடறாங்க. நான் காத்திருக்கேன்."

அன்று முதல் ஓலைத்துறையில் சோறு என்பது சாதாரண விஷயமாக இல்லை. ஒருவனுக்கு ஒரு கரண்டி கூடப் போட்டால் அவன் ஒரு கரண்டி எதிரியானான். பசி இத்தனை வருடம் எடுத்ததைச் சோறு வாரத்துக்கு வாரம் திருப்பிக் கொடுத்தது. ஆவணியில் ஈயக்குண்டுகளை அவிழ்த்தார்கள். புரட்டாசியில் கன்னங்கள் வந்தன, குரல்கள் வந்தன, இரண்டு பேருக்குள் சண்டைகூட வந்தது, அதைப் பார்த்து ஊரே சந்தோஷப்பட்டது. பன்னிரண்டு, பதினெட்டு, இருபத்தேழு என்று தராசு முள் நகர நகரக் கர்னலின் முகம் தெளிந்தது. வீரர்களைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கப்பா" என்று அவரே உபசரித்தார். தானும் நன்றாகச் சாப்பிட்டார். அவருடைய பெல்ட்டுக்கு இரண்டு புது ஓட்டை போட்டார்கள். அவரை யாரும் நிறுக்கவில்லை.

எல்லாரையும்விட வேகமாகக் கனத்தவன் முழுவெற்றி. அவன் எலும்பு பெரிய எலும்பு. ஐப்பசி முதல் வெள்ளியில் அவன் முப்பத்தொன்பது கிலோ இருந்தான். அன்று மத்தியானம் இரஞ்சிதம் தட்டு வைத்தபோது அவன் அதைத் தள்ளினான்.

"பசிக்கலைக்கா."

மறுநாளும் பசிக்கவில்லை. அதற்கு மறுநாள் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டு, சாப்பிட்டவன்போல ஏப்பம் விட்டான். அவள் அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"யாரு இருக்கா அங்கே?" என்றாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். "கோபுரத்துக்குக் கீழேதான் எங்க வீடு. அக்கா இருக்கா. மூத்தவ. நான் தினமும் பேசி முடிச்சதும் மேலே பாத்து, நல்லாப் பேசினேடான்னு கையைக் காட்டுவா. அவ பங்குச் சோத்துல எனக்கு ஒரு பிடி வைப்பா, குரல் உள்ளே போயிடக் கூடாதுன்னு. பீரங்கி சுட்டா முதல்ல எங்க கூரைமேலதான் விழும். நான் முப்பத்தொன்பதுலேயே இருந்துக்கறேன். எனக்கு இது பழக்கம்தான்."

கடைசி வார்த்தைதான் இரஞ்சிதத்துக்குத் தாங்கவில்லை. அங்கே ஒரு பைத்தியக்காரன் மர ஏவுகணைக்காக இவன் சோற்றைப் பிடுங்கினான். இங்கே ஏழு மாடிக் கட்டடம் ஒன்று தராசை வைத்துப் பிடுங்குகிறது. நடுவே தன் வீட்டு அடுப்பில், தன் கையால் வடித்த சோற்றின் முன்னால் ஒருவன் பட்டினி கிடக்கிறான், தான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

பவுனம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "ஏண்டி, அவனை அரைவயித்துக்கே வச்சுக்கோயேன். கர்னலு எத்தனை நாளைக்கு உக்காந்திருப்பான்?"

"அரைவயிறுன்னா அது மேல்மலை நாடு, பவுனக்கா. என் வீடு இல்லை," என்றாள் இரஞ்சிதம்.

வியாழக்கிழமை அவள் வஞ்சிரம் வாங்கினாள். தேங்காய் அரைத்தாள். வெள்ளிக்கிழமை காலையில் தலைவாழை இலை போட்டு, மலைபோலச் சோறு வைத்து, நடுவில் குழிபறித்துக் குழம்பை ஊற்றினாள்.

"இன்னிக்கு நிறுக்கற நாளுக்கா!"

"தெரியும். சாப்பிடு."

"அக்கா…"

"உன்னை இங்கே கூப்பிட்டது யாரு? நான். நாலாயிரம் தடவை கூப்பிட்டிருக்கேன். கூப்பிட்டுட்டுப் பட்டினி போட எனக்குத் தெரியாது. மத்ததை நான் பாத்துக்கறேன். மீன்ல முள்ளு இருக்கும், பாத்துத் தின்னு."

அவன் சாப்பிட்டான். முதலில் அழுதுகொண்டு சாப்பிட்டான், பிறகு அழுகையை மறந்துவிட்டுச் சாப்பிட்டான். இரண்டாம் முறை சோறு வாங்கினான். அவள் பதினோரு பதிவேடுகளையும் ஒரு சாக்கில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள். அவற்றைக் கொண்டு போய்க் கொடுத்தால் வேலை போகும், சிறைகூட வரும் என்று அவளுக்குத் தெரியும். வழியெல்லாம் அவள் அதை நினைக்கவில்லை, மோர் கொடுக்க மறந்துவிட்டோமே என்றுதான் நினைத்தாள்.

தராசு முள் நடுங்கி, ஏறி, நாற்பதே காலில் நின்றது.

கர்னல் எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "எழுதிக்குங்க வேதமணி. படையெடுப்பு!" தொலைபேசியை எடுத்து, "அமைச்சரைக் கூப்பிடு" என்றார். அமைச்சர் மறுமுனைக்கு வந்துவிட்டார். ஏலக்கூடத்தில் ஊர் முழுவதும் நின்றது.

இரஞ்சிதம் சாக்கை மேசைமேல் வைத்தாள்.

"அய்யா, சுடறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க. உங்க முத்திரைதான் எல்லாத்துலயும் இருக்கு."

கர்னல் ஒரு பக்கத்தைத் திறந்தார். அடுத்த பக்கத்தைத் திறந்தார். வேறொரு வருடத்தைத் திறந்தார். எல்லாப் பக்கத்திலும் கடைசியில் ஒரே இரண்டு வரி இருந்தது. எதிரி: வருகிறோம். எழுத்தர்: வாங்க.

"என்னம்மா இது?"

"எதிரிக்குப் பதில் சொல்லக் கூடாதுங்கற ஏழாம் விதியை மீறினேன். மீறினதை ஆறாம் விதிப்படி எழுதினேன். இவங்க படையெடுத்து வரலைங்கய்யா. வர்றோம்னாங்க, வாங்கன்னேன், வந்துட்டாங்க. கூப்பிட்டு வந்தவங்களுக்கு என்ன பேருன்னு நீங்களே எழுதிக்குங்க."

"இது தேசத்துரோகம்!"

"சரிங்கய்யா. அப்படியே எழுதிக்குங்க. நான் கூப்பிட்டது நிஜம்னும் சேத்து எழுதிக்குங்க."

கர்னலுக்கு அந்த முடிச்சு மெதுவாகத்தான் புரிந்தது. இவளைச் சிறையில் போட வேண்டுமானால் அழைப்பு உண்மை, அழைப்பு உண்மையானால் படையெடுப்பு பொய். படையெடுப்பு வேண்டுமானால் இவள் பதினோரு வருடமாக எழுதியது பொய், அந்தப் பொய்யில் அமைச்சகத்தின் முத்திரை நூற்று முப்பத்திரண்டு தடவை இருக்கிறது. அவர் முகம் சிவந்தது.

"யாரை ஏமாத்தறே? ஊரைச் சாம்பலாக்குவேன்னு ஒருத்தன் கர்ஜிக்கிறான், அதைக் கேட்டு எந்த மடையனாவது வாங்கன்னு சொல்லுவானா? இது அப்புறமா எழுதிச் சேத்தது. டேய், நீதானே அந்தக் குரல்? இங்கே வா. அங்கே எப்படிச் சொல்லுவியோ அப்படியே சொல்லு. ஒரு எழுத்துக் குறையக் கூடாது. அமைச்சரும் கேக்கட்டும்" என்று தொலைபேசியை அவன் பக்கம் நீட்டிப் பிடித்தார்.

முழுவெற்றி இரஞ்சிதத்தைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள்.

அவன் ஆரம்பித்தான். இத்தனை வருடமும் நாலரைக் கிலோவிலிருந்து வந்த குரல் இப்போது நாற்பதே கால் கிலோவிலிருந்து, அதுவும் வஞ்சிரமும் தேங்காயும் நிரம்பிய வயிற்றிலிருந்து வந்தது. ஏலக்கூடத்தின் தகரம் அதிர்ந்தது. மீன் நிறுக்கத் தொங்கவிட்டிருந்த தராசுகளின் சங்கிலிகள் ஆடின. வீடுகள் சாம்பலாயின, கிணறுகள் வற்றின, மூன்றாவது வரியில் இருமல் வரவே இல்லை, தென்னைகளின் தலைகள் உருண்டன. வேதமணியின் பென்சில் ஓடிக்கொண்டே இருந்தது. கர்னல் முதல் இரண்டு நிமிடம் விறைப்பாக நின்றார். நான்காம் நிமிடம் கால் மாற்றிக்கொண்டார். ஏழாம் நிமிடம் கொட்டாவியை விழுங்கினார். ஒன்பதாம் நிமிடம், கூடத்தில் உள்ளவர்களில் எவரைப் பார்த்தாலும், போக மனமில்லாத விருந்தாளி எப்போது எழுந்திருப்பார் என்று காத்திருக்கும் முகம்தான் இருந்தது, அந்த முகம் கர்னலுக்கும் வந்துவிட்டது. பத்தாம் நிமிடம் முழுவெற்றி மூச்சை ஆழமாக இழுத்தான்.

"வருகிறோம்!"

"வாங்க, வாங்க," என்றார் கர்னல் புரந்தரன்.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் கையிலிருந்த தொலைபேசியிலிருந்து, இருநூறு மைலுக்கு அப்பால் ஏழாம் மாடியில் உட்கார்ந்திருந்த அமைச்சரின் குரல், சின்னதாக, தெளிவாக, "ம்… வாங்க" என்றது.

வேதமணி இரண்டையும் எழுதினார்.

"அதை அடிங்க!" என்று கர்னல் பாய்ந்தார்.

"அடிக்கலாமுங்கய்யா," என்றார் வேதமணி பணிவாக. "அடிச்சா, இன்னது இருந்துச்சு, இன்னார் சொல்லி அடிச்சேன்னு பக்கத்துல எழுதணும். எழுதிடட்டுங்களா?"

மீரான்தான் முதலில் சிரித்தார். பிறகு பவுனம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், அது போதவில்லை. மேல்மலை நாட்டின் முந்நூற்றுப் பன்னிரண்டு வீரர்களும், தங்கள் தாய்நாட்டில் சிரிப்பதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை மறந்துவிட்டுச் சிரித்தார்கள். தொலைபேசி மறுமுனையில் வைக்கப்பட்டது.

ஒரு வாரத்தில் தலைநகர் அறிக்கை விட்டது. ஓலைத்துறைக்கு வந்தது அரசாங்கம் முறைப்படி அழைத்த விருந்தினர் குழு என்றும், அழைத்ததன் மூலம் எதிரியின் முப்பது வருட மிரட்டலைக் கீழ்க்கரை நாடு ஒரே சொல்லால் முறியடித்துவிட்டது என்றும் அதில் இருந்தது. அமைச்சர் தனக்குத் தானே ஒரு பதக்கம் குத்திக்கொண்டார். இரஞ்சிதத்தைச் சிறையில் போட்டால் அந்தச் சொல் யாருடையது என்று கேள்வி வரும் என்பதால், அவளுக்கு வழக்கம்போல ஒரு முத்திரை மட்டும் வந்தது. அக்கரையில் மலைத்தந்தை தன் படை ஓலைத்துறையைப் பிடித்துவிட்டது என்று அறிவித்து வெற்றி அணிவகுப்பு நடத்தினார். அணிவகுக்க யாரும் மிச்சமில்லாததால் மக்கள் சாலையோரத்தில் நின்று வெறும் சாலைக்குக் கை தட்டினார்கள். தட்டியவர்களில் முழுவெற்றியின் அக்காவும் ஒருத்தி. அவள் கூரை அப்படியே இருந்தது. அக்கரைக்குப் போக, முப்பது வருடமாகக் கவிழ்த்துப் போட்டிருந்த பரிசலை நிமிர்த்தி, தார் பூசி, தண்ணீரில் விட்டு ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள் மீனவர்கள். முழுவெற்றி துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றான். அவனுக்குக் கல் தேவைப்படவில்லை.

கர்னல் புறப்பட்ட அன்று மாலை, தராசை ஜீப்பில் ஏற்ற ஆறு பேர் வேண்டியிருந்தது. உதவிக்கு யாரையும் கூப்பிட அவருக்கு வாய் வரவில்லை, அவரே ஒரு பக்கம் பிடித்தார். கடைத்தெருவில் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீரான் டீ ஆற்றினார். பவுனம்மாள் கெண்டைக்குச் செதில் சீவினாள். நாவிதர் கத்தியைத் தோலில் தீட்டினார். கர்னல் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த வீட்டில் வளர்ந்தாலும் எந்தச் சீருடை போட்டாலும் விட்டுப்போகாத பழக்கத்தில், தெருவைப் பார்த்து, "அப்ப… நான் வர்றேன்" என்றார்.

கத்தி தோலில் உரசும் சத்தம் கேட்டது. டீ உயரத்திலிருந்து விழும் சத்தம் கேட்டது. கர்னல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு ஜீப் போயிற்று.

தகரக் கொட்டகையில் இரஞ்சிதம் புதுப் பதிவேட்டைத் திறந்தாள். "மாலை ஆறு மணி. 'வர்றேன்' என்று ஒரு குரல் கேட்டது. பதில் எதுவும் காதில் விழவில்லை" என்று எழுதினாள். பிறகு ஒருமுறை நிமிர்ந்து சுவரைப் பார்த்துவிட்டு, கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: "ஏழாம் விதியை இன்று ஊர் முழுவதும் கடைப்பிடித்தது."